மூன்றாவது நாற்காலி

ராயபுரம்
5-7-1953

அன்புள்ள அஜீசுக்கு,

சலாம். நீ சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். இங்கே எல்லோரும் சுகம்.

நேற்று சென்ட்ரலில் உன்னிடம் சொல்லாமல் விட்டவை மூன்று. இரண்டை மட்டும் எழுதுகிறேன். முதலாவது, நீ பெட்டியில் மடித்து வைத்திருக்கும் காப்பிப்பொடி நிறச் சால்வை என்னுடையதடி. பெங்களூர்க் குளிருக்கு இருக்கட்டும், ஆனால் திருப்பித் தரவேண்டும். இரண்டாவது, பெரியும்மா கொடுத்த மீன் வறுவல் டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை. நீ ஜன்னலில் சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தபோது அதிலிருந்து எண்ணெய் உன் புத்தகப் பையில் சொட்டிக்கொண்டிருந்தது. சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். நேரம் இருந்தது. கல்கத்தாவில் வாழ்ந்துவிட்டு வந்த உன் உம்மாவைத் தவிர இந்த ஊரில் யார் கடுகெண்ணெயில் மீன் வறுக்கிறார்கள்? அந்தக் காரம் இனி உன் புத்தகங்களை விட்டுப் போகாது.

மூன்றாவது இருக்கட்டும்.

என் செய்தி: காலடிப்பேட்டைக்குப் பக்கத்து வனஸ்பதி ஆலையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில். பெங்களூர் ஆராய்ச்சிக்கூடத்தில் உனக்குக் கிடைத்த அளவுக்குப் பெரிய இடம் இல்லை. ஒரு மேசை, ஒரு தராசு, என்னை யாரும் பார்க்காதபடி மேனேஜர் ஜஹாங்கீர் சார் போட்டுக்கொடுத்த ஒரு தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் பெரிய இரும்புப் பாண்டத்தில் கடலையெண்ணெயைச் சூடாக்கி, ஹைட்ரஜனை உள்ளே விட்டு, கறுப்பு நிக்கல் தூளைப் போட்டுக் கலக்குகிறார்கள். எண்ணெய் ஆறினால் வெண்ணெய் போல் உறைகிறது. நிக்கலை வடிகட்டி மறுபடி போடுகிறார்கள். அது எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் மாற்றுகிறது என்று நாம் பாடத்தில் படித்ததை இப்போது தினம் முகர்ந்து பார்க்கிறேன்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. உன் பதிலைப் பார்த்தபடி,

சபீஹா


பெங்களூர்
9-8-1953

அடியே சபீஹா,

சலாம். உன் உடம்பு எப்படி? சின்ன வாப்பாவின் இருமல் நின்றதா? நான் சுகம். கேழ்வரகு உருண்டையைத்தான் விழுங்க முடியவில்லை.

சால்வை உன்னுடையது என்று தெரிந்தேதான் எடுத்தேன். மீன் எண்ணெய் ஒரு புத்தகத்தைத் தவிர மற்றவற்றை விட்டுவிட்டது. பை மட்டும் நம் வீடு மாதிரியே இருக்கிறது. ஆய்வுக்கூடத்து மைசூர்ப் பெண்கள் மூக்கைப் பொத்துகிறார்கள்.

பேராசிரியர் எனக்கு நிக்கலையே கொடுத்திருக்கிறார். உன் ஆலையில் நடப்பதுதான், ஆனால் குடுவையில். எவ்வளவு தூளுக்கு எவ்வளவு வேகம், எப்போது வேகம் குறைகிறது, ஏன். இன்னொன்று கேள். நேர்முகத் தேர்வில் நான் சொன்னேனே, "நிக்கல் களைத்துப்போவதில்லை, அதன் நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்துவிடுகிறார்கள்" என்று, அதை அவர் மறக்கவே இல்லை. முதல் நாளே கரும்பலகையில் எழுதினார். கந்தகம் வந்து நிக்கலின் மேல் ஒட்டிக்கொண்டால் எண்ணெய்க்கு உட்கார இடமில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று விளக்கினார். இப்போது எல்லோரும் அதற்கு "அஜீஸ் நாற்காலி" என்று பேர் வைத்துவிட்டார்கள்! மொட்டைமாடியில் வடகம் காயப்போடும்போது நீ சொன்ன வாக்கியம் எங்கே வந்து நிற்கிறது பார். உன்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சிரித்துக் கைதட்டிவிட்டார்கள்.

உன் ஆலையில் ஒவ்வொரு பாண்டமும் உறைவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று எழுதி அனுப்பு. என் குடுவை பொய் சொல்லலாம், ஆலை சொல்லாது. பக்ரீதுக்கு உங்களை எல்லாம் நினைத்துக்கொண்டு ஹாஸ்டலில் உட்கார்ந்திருப்பேன்.

முத்தங்களுடன்,
உன் அஜீஸ்

அந்த மூன்றாவது என்ன?


ராயபுரம்
18-10-1953

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

சலாம். தங்கள் கடிதம் கிடைத்தது. வாப்பாவுக்கு இருமல் தேவலை. மழை தொடங்கிவிட்டதால் பதில் எழுதத் தாமதம்.

நீங்கள் கேட்ட நேரங்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். செப்டம்பர் வரை ஒரு பாண்டம் இரண்டரை மணியில் முடிந்தது. இப்போது ஐந்து மணியாகியும் சில பாண்டங்கள் கூழாகவே நிற்கின்றன. புதுத் தூள் போட்டாலும் இரண்டாம் முறைக்குள் செத்துவிடுகிறது. ஜஹாங்கீர் சார் வாயுக்கூடத்தைத்தான் சந்தேகப்படுகிறார். அங்கே பழுக்கக் காய்ச்சிய இரும்பின் மேல் நீராவியை விட்டு ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். கரியில் கந்தகம் இருந்தால் வாயுவோடு வந்துவிடுமாம். அதைத் தடுக்கத்தான் சுண்ணாம்புப் பெட்டிகள்.

வாயுக்கூடம் துரை என்பவர் பொறுப்பு. வியாசர்பாடியிலிருந்து வருகிறார். நேற்று சாருக்கும் அவருக்கும் பெரிய சத்தம். தட்டிக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"கரியை மாத்து, பெட்டியை மாத்துன்னு எத்தினி தபா சார் சொல்லுவீங்க? மாத்திகினுதான் கீறேன். நம்ம கேஸு பால் மாதிரி சார்."

"பாலா? உன் பால்ல எண்ணெய் உறைய மாட்டேங்குதே."

"எண்ணெய்ல இன்னா கீதோ! என் தலைமேல போட்டா?"

அவர் மனைவி கெங்கம்மாவும் இங்கேதான். எண்ணெய் வரும் டிரம்களைக் கழுவுகிறாள். "சண்டை போட்டாதான்மா அது வூட்டுக்கு வந்து ஒழுங்கா துன்னும்" என்று என்னிடம் சிரித்தாள்.

கம்பளி போர்த்திக்கொள்ளுங்கள். சால்வை இருக்கிறதே.

இப்படிக்கு,
சபீஹா


பெங்களூர்
2-11-1953

சபீஹா,

சலாம். "லாத்தா"வாம், "தங்கள்" ஆம்! உன்னைவிட நான்கு மாதம் மூத்தவள் என்று இருபத்திரண்டு வருஷம் கழித்து உனக்கு ஞாபகம் வந்ததா? என்ன கோபம் என்று நேராக எழுது. இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் உன்னை "மாண்புமிகு" என்று எழுதுவேன்.

உன் தாளைப் பேராசிரியரிடம் காட்டினேன். மேசையைத் தட்டினார். மழைக்காலத்தில் திடீரென்று சாகும் நிக்கல் எங்களுக்குப் புதையல் மாதிரி. கந்தகம்தான், சந்தேகமில்லை. எங்கிருந்து என்பதுதான் கேள்வி. நீ ஒன்று செய். வடிகட்டும் காகிதத்தை ஈய உப்புக் கரைசலில் நனைத்து வாயுவில் பிடி. கறுத்தால் வாயுவில் கந்தகம். வெள்ளையாகவே இருந்தால் துரை சொல்வது உண்மை, வேறு இடத்தில் தேடவேண்டும். பதிலை உடனே எழுது. இதை வைத்து ஒரு கட்டுரையே எழுதலாம் என்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மழையில் நனைந்து பஸ் ஏறாதே.

உன் அஜீஸ்


ராயபுரம்
29-11-1953

அன்புள்ள லாத்தாவுக்கு,

சலாம். சுகம், சுகமறிய ஆவல். கோபம் ஒன்றுமில்லை. படித்த இடத்தில் இருப்பவர்களுக்கு மரியாதை கொடுப்பது தவறா?

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்ய முடியவில்லை. ஈய உப்பு தீர்ந்துவிட்டது. சொல்லியிருக்கிறேன், எப்போது வருமோ. பாண்டங்கள் முன்போலத்தான். சார் உங்கள் பேராசிரியருக்கு எழுதிக் கூப்பிடப்போவதாகச் சொல்கிறார்.

பெரியும்மா நலம். உங்களை நினைத்து மீன் வாங்குவதையே குறைத்துவிட்டார்.

சபீஹா


அதே நாள்
(அனுப்பாதது)

அஜீஸ்,

காகிதம் வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்று நாள், மூன்று இடத்தில் பிடித்தேன். பாலைப் போல வெள்ளை. துரையின் வாயுவில் ஒன்றுமில்லை.

எதில் இருக்கிறது என்பதும் தெரியும். போன வாரம் மழை விட்ட நேரத்தில் டிரம் கழுவும் இடத்துக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உன் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேனோ என்று இருந்தது. ஹார்பரில் டிரம் தட்டுப்பாடு. எண்ணெய் கொடுக்கும் அத்தாவுல்லா சாயபு கல்கத்தாக் கப்பலில் திரும்பி வந்த டிரம்களை வாங்கி அதில் கடலையெண்ணெயை நிரப்பி அனுப்புகிறார். முன்னால் அவற்றில் இருந்தது கடுகெண்ணெய். கடுகின் காரம் முழுக்கக் கந்தகம். இங்கே எவருக்கும் அந்த வாசனை தெரியாது. கெங்கம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "இது மருந்து போட்டுக் கழுவின டிரம்மும்மா. மூக்கு எரியுது பாரு. சுத்தமாத்தான் கீது. ஒரு அலசு அலசினா போதும்." காரம் அதிகமாக இருக்கும் டிரம்மைத்தான் குறைவாகக் கழுவுகிறாள். அத்தாவுல்லா சாயபுவின் கிடங்கிலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். மழைக்காலம், வெயிலில் காயவைக்கவும் முடியவில்லை.

டிரம் அடியில் இருந்ததை வழித்துவந்து சோடாக் காரத்தில் கொதிக்கவைத்து ஈய உப்பைச் சொட்டினேன். மை மாதிரிக் கறுத்தது.

மூன்றாவது இதுதான்: அது என் இடம்.

உனக்கு அது தெரிந்திருக்காது. தேர்வில் உன்னை முதலில் கூப்பிட்டார்கள். நிக்கல் ஏன் வேகம் இழக்கிறது என்று கேட்டார்கள். என் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வந்து நடையில் என் தோளைப் பிடித்து, "உன்னுடையதையே சொன்னேன்டி, சிரித்துவிட்டார்" என்று குதித்தாய். அடுத்து நான் போனேன். பேராசிரியர் கேட்டதும் அதே கேள்வி. "உங்கள் சகோதரி அழகான பதில் சொன்னார், நீங்கள்?" என்றார். என் வாயில் அந்த ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதைச் சொன்னால் உன்னைப் பார்த்துச் சொன்னதாக ஆகும். புத்தகத்தில் இருந்த ஏதோ ஒன்றைச் சொன்னேன்.

இந்தப் பதிலை உனக்குத் தரமாட்டேன். வாக்கியத்துக்கு உன் பேர் வைத்தார்கள். இதற்கும் உன் பேர்தான் வைப்பார்கள்.

ச.


பெங்களூர்
22-12-1953

சபீஹா கண்ணே,

சலாம்! உங்கள் மேனேஜர் எழுதிவிட்டார். பொங்கல் கழித்துப் பேராசிரியர் வருகிறார், என்னையும் கூட்டி வருகிறார். ஒரே ஒரு நாள், இரவு வண்டிக்கே திரும்பவேண்டும். வீட்டுக்கு வரமுடியாது, உம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல். ஆனால் நாம் இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரு நாள் முழுவதும் நிக்கலைப் பார்க்கப்போகிறோம். மொட்டைமாடியில் கனவு கண்டது இதைத்தானே?

ஈய உப்பு வந்ததா? ஒரு மாதமாக வராத ஈய உப்பா? நானே கொண்டுவருகிறேன்.

அஜீஸ்


ராயபுரம்
24-1-1954

அன்புள்ள லாத்தாவுக்கு,

சலாம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து மகிழ்ச்சி. நீங்கள் இளைத்திருந்தீர்கள். பெரியும்மாவிடம் அப்படிச் சொல்லவில்லை.

உங்களுக்குச் சிரமம் கொடுத்தோம். காலை முழுவதும் வாயுக்கூடத்து வெக்கையில் நிற்கும்படி ஆயிற்று. டிரம் கழுவும் இடத்தையும் பார்க்கவேண்டும் என்றீர்கள். அங்கே ஒரே கலீஜ், உங்கள் புதுச் செருப்பு பாழாகிவிடும் என்று நான்தான் தடுத்தேன். பார்க்கும்படி அங்கே ஒன்றுமில்லை.

நீங்கள் கொண்டுவந்த காகிதத்தின் ஓரம் லேசாகப் பழுப்பேறியதைப் பார்த்ததும் உங்கள் பேராசிரியர் தலையாட்டினார். அன்று காலைதான் துரை பழைய பெட்டியைத் திறந்து புதிதாகச் சுண்ணாம்பு போட்டிருந்தார், அந்தத் தூசியாகவும் இருக்கலாம். அதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் காரில் ஏறிய பிறகு துரை என் தட்டிக்கு வந்தார். "இன்னாம்மா, உங்க அக்காவாமே அது? இன்னா எழுதுவாங்க?"

"தெரியாதுங்க" என்றேன்.

"நல்லவங்களாத்தான் தெரியறாங்க. தண்ணி குட்த்தேன், எழுந்து நின்னு வாங்கினாங்க. நம்மளைப் பத்தித் தப்பா எழுத மாட்டாங்க."

கெங்கம்மா பின்னாலிருந்து, "ஆமா, தண்ணி குட்த்ததுக்கு சர்டிபிகேட்டு குடுப்பாங்க, வா நைனா" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சபீஹா


பெங்களூர்
7-2-1954

சபீஹா,

சலாம். நலம். உன் நலம் தெரிவி.

அறிக்கையை எழுதிவிட்டேன். வாயுவில் கந்தகம் இருக்கிறது, சுத்தப்படுத்தும் பெட்டிகள் கவனிக்கப்படவில்லை, பொறுப்பை மாற்றவேண்டும் என்று முடித்திருக்கிறேன். பேராசிரியர் ஊருக்குப் போயிருக்கிறார். இருபதாம் தேதிக்கு மேல்தான் கையெழுத்திடுவார். அதுவரை என் மேசையில்தான் இருக்கும். ஒரு வரி மாற்ற வேண்டுமானாலும் மாற்றலாம்.

அங்கேயே இருப்பவள் நீ. நாங்கள் ஒரு நாள் பார்த்தோம். நான் பார்க்காதது ஏதாவது இருந்தால் எழுது. தந்திகூட அடிக்கலாம்.

அஜீஸ்


ராயபுரம்
21-3-1954

மரியாதைக்குரிய லாத்தாவுக்கு,

சலாம். தங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. ஆலையில் வேலை அதிகம்.

பேராசிரியரும் நீங்களும் கையெழுத்திட்ட அறிக்கை பிப்ரவரி கடைசியில் வந்தது. அன்று சாயங்காலமே துரையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். புது ஆள் வந்தார். பெட்டிகளும் புதிது. ஆனாலும் பாண்டம் உறைய ஐந்தரை மணி நேரம்.

போன வியாழக்கிழமை கெங்கம்மா தட்டிக்கு வந்து என் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"யம்மா, பட்ச்சவங்க நீங்க. காத்துல இன்னா கீதுன்னு எனுக்குத் தெரியாது. ஆனா என் வூட்டுக்காரு அதைப் புள்ளை மாதிரி பாத்துகினு இருந்தாரு. இப்ப வூட்லயே குந்திகினு செவுத்தைப் பாக்கறாரு. பேசவே மாட்டேங்கறாரு. நீங்க ஒரு தபா மேனேஜராண்ட சொல்லக் கூடாதா?"

மறுநாள் ஜஹாங்கீர் சாரிடம் சொன்னேன். டிரம் அடியில் இருந்ததை எல்லோர் முன்னாலும் கொதிக்கவைத்தேன். ஈய உப்பு விட்டதும் கறுத்தது. அது கடுகெண்ணெய், கல்கத்தா டிரம்களில் வந்தது, அதுவே நிக்கலைக் கெடுக்கிறது என்றேன். கல்கத்தா டிரம்களை ஒதுக்கிவிட்டு ஊர் டிரம் எண்ணெயைப் புதுத் தூளோடு போட்டுப் பார்த்தோம். இரண்டு மணி நாற்பது நிமிஷத்தில் உறைந்தது. சார் எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு நான் பெண் என்பது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டார்.

ஆகவே உங்கள் அறிக்கையைத் திருத்தவேண்டியதாகிவிட்டது. சார் உங்கள் பேராசிரியருக்கு என் சோதனை விவரங்களை என் பேரிலேயே அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு வருத்தம் இருக்காது என்று நம்புகிறேன். ஒரே நாளில் யாராலும் எல்லாவற்றையும் பார்க்க முடியாது.

பெரியும்மா சலாம் சொல்கிறார்.

சபீஹா


பெங்களூர்
2-5-1954

சபீஹா,

சலாம். இந்தக் கடிதத்தை ஐந்தாறு முறை எழுதிக் கிழித்தேன். அதனால்தான் இத்தனை நாள்.

எனக்குத் தெரியும்.

ஜனவரியில் காரில் ஏறும் முன் உன்னை அணைத்தேனே, அப்போது உன் முக்காட்டில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டு இருந்தது. அந்த வாசனையோடு பிறந்தவளுக்குத் தெரியாதா? போன ஜூலையிலிருந்து என் புத்தகப் பையைத் திறக்கும்போதெல்லாம் அதே வாசனைதான். நீ ராயபுரத்தில் மீன் வறுத்துவிட்டு வேலைக்கு வருகிறவள் இல்லை. அப்படியானால் ஆலைக்குள் கடுகெண்ணெய் இருக்கிறது. நீ என்னைப் போகவிடாத இடத்தில் இருக்கிறது. கார் தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. பேராசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை போதும்.

நான் சொல்லவில்லை. நீ கண்டதை இரண்டாம் முறையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ரயிலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. அது உண்மையில்லை. ஒரு வருஷமாக நான் உன் வாக்கியத்துக்குள் குடியிருக்கிறேன். யார் என்னைப் புகழ்ந்தாலும் உன்னைத்தான் புகழ்கிறார்கள். "அதற்கடுத்து என்ன யோசித்தீர்கள்?" என்று பேராசிரியர் கேட்கும்போதெல்லாம் என்னிடம் ஒன்றும் இல்லை, அது மொட்டைமாடியில் இருக்கிறது. உன்னைப் பார்த்து எனக்கு எவ்வளவு எரிந்தது என்று நீ அறியமாட்டாய். நீ வேண்டுமென்றே மறைக்கிறாய் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீயும் அப்படி ஒன்றும் பெரியவள் இல்லை. எவ்வளவு தூரம் போவாய் என்று பார்க்க ஆசைப்பட்டேன். அறிக்கையை மேசையில் வைத்துக்கொண்டு தந்தி அடி என்று எழுதியது அதற்காகத்தான்.

நீ கடைசிவரை போனாய். நானும் வந்தேன்.

துரையை நான் சிறிது நேரம் பார்த்தேன். கண்ணாடி டம்ளரை மறுபடி ஒருமுறை கழுவிவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "பொறுப்பை மாற்றவேண்டும்" என்று எழுதியபோது அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்தது. எழுதினேன்.

பேராசிரியர் உன் சோதனையைப் படித்துவிட்டு, "இவரை ஏன் அன்று விட்டோம்?" என்று கேட்டார். அந்த வாக்கியம் யாருடையது என்பதை அப்போது சொன்னேன். ஜூலையில் ஓர் இடம் காலியாகிறது. உனக்குக் கடிதம் வரும். என் மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருக்கிறார்கள். உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்குமா என்று தெரியவில்லை. வா.

மூன்றாவதை நீ எழுதவேண்டாம். ரயில் நகர்ந்தபோது உன் முகத்தில் படித்துவிட்டேன்.

நோன்பு தொடங்கப்போகிறது. உடம்பை வருத்திக்கொள்ளாதே.

அஜீஸ்


ராயபுரம்
13-6-1954

அஜீஸ்,

சலாம். இங்கே எல்லோரும் சுகம். பெருநாள் நல்லபடி முடிந்தது. பெரியும்மா உனக்காக ஒரு தட்டு தனியாக எடுத்து வைத்தார். சாயங்காலம் நான்தான் சாப்பிட்டேன்.

பேராசிரியரின் கடிதம் வந்தது. வாப்பா சம்மதித்துவிட்டார். ஜூலை முதல் வாரம் வருகிறேன். உன் கடிதத்துக்கு இதுதான் பதில். மற்றதை எழுதத் தெரியவில்லை.

ஆலையில் கடுகெண்ணெய் தெரிந்த மறுநாளே துரையை அழைத்துவர ஆள் அனுப்பினார்கள். அவர் அதற்கு இரண்டு நாள் முன்பே ரங்கூன் போகும் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போடும் வேலைக்கு ஏறிவிட்டிருந்தார். கெங்கம்மா என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கேட்ட அன்று காலை அவர் ஹார்பருக்குத்தான் போயிருந்தார். அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அந்த வாரம் சொல்லியிருந்தால், அதற்கு முந்தைய வாரம் சொல்லியிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். எத்தனை வாரம் பின்னால் போனாலும் கணக்கு முடியவில்லை. நவம்பர் வரை போகிறது.

கெங்கம்மாவுக்கு என்மேல் கோபமில்லை. அதுதான் விஷயம். "எங்க வூட்டுக்காரு பேரைக் காப்பாத்தினவங்க" என்று ஆலை முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். ரம்ஜானுக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கிவந்து மேசையில் வைத்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்ததும் தட்டிக்கு வந்து உட்கார்ந்து சொல்லுவாள், நான் எழுதுவேன், கப்பல் கம்பெனி விலாசத்துக்குத் தபாலில் போடுவேன்.

"எழுதும்மா. மேனேஜரு கூப்டாரு, தப்பு உன்து இல்லன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சின்னு எழுது. கடுகெண்ணெய்னு எழுது. நம்ம சின்னம்மாதான் கண்டுபுடிச்சாங்கன்னு எழுது."

கடைசி வரியை நான் எழுதுவதில்லை. எழுதியதைப் படித்துக்காட்டும்போது அந்த வரியையும் சேர்த்துப் படிக்கிறேன்.

பெங்களூர் போகிறேன் என்று சொன்னேன். மேசையில் இருந்த தபால் உறையை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "அங்கேர்ந்தும் தபால் போவும் இல்ல? எழுதிப் போடுங்கம்மா. நான் சொல்றதெல்லாம் உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே" என்றாள். சரி என்றேன்.

சால்வையைத் திருப்பித் தரவேண்டாம். குளிர் இருவருக்கும் ஒன்றுதான்.

சபீஹா

துரையிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை.